அவசர நிழல்

கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு மச்சான் இறங்கினார். இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

போன வாரம் தளம் போட்ட அன்று மழை பிடித்துக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, வீட்டைக் கட்டி முடித்தீர்கள் சரி, வந்து பார்த்த மனுஷன் என்ன சொன்னார் என்று சொல்லவேயில்லையே என்று உரிமையாகக் கோபித்துக்கொண்டார். என்னத்தைச் சொல்வது? அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. மரத்தைத்தான் பார்த்தார்.

மதிய லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்திய நேரம். சித்திரை வெயில். ரோட்டுத் தார் இளகி, தூரத்தில் வருகிற பஸ் தண்ணீரில் மிதந்து வருவதுபோலத் தெரிந்தது. எங்கள் மேற்கு மதில் ஓரமாக, இரண்டு ஆள் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று என் மரங்கள் வரிசையாக நின்றன. தூசி தெரியக் கூடாதென்று அன்று காலையில்தான் ஹோஸ் பைப்பைப் பிடித்து இலை இலையாகக் கழுவி விட்டிருந்தேன். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

மச்சான் கையை நீட்டி ஒரு இலையைப் பறித்தார். விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கினார். கீழே போட்டார்.

"இங்கயும் வந்துருச்சா இது" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனார். டிரைவர் நீலக் கயிறு கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கசங்கின இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

அந்த முறை அவர் லீவில் வரவில்லை. கேன்சலில் வந்திருந்தார். விசாவை ரத்து செய்துவிட்டு, இனிப் போவதில்லை என்று மொத்தமாக வந்துவிடுவதற்கு எங்கள் லெப்பைக்குடிகாட்டில் 'கேன்சலில் வருவது' என்று பெயர். பெயர்தான். அப்படி வந்து இறங்கினவர்களில் எத்தனை பேர் அடுத்த பெருநாளுக்குள் இருப்புக் கொள்ளாமல் திரும்பப் போனார்கள் என்று தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். பாவம், வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. காலையில் எழுந்தால் எங்கே போய் உட்காருவதென்று தெரியாது. கொஞ்ச நாள் பள்ளிவாசலுக்கும் டீக்கடைக்கும் நடப்பார்கள். ஒரு நாள் பெட்டி கட்டுவார்கள்.

என் ஆளை அப்படிப் போகவிடக் கூடாது என்பதுதான் என் திட்டம். உட்கார ஒரு இடம் இருந்தால் மனுஷன் போக மாட்டார். அந்த இடத்தைச் செய்வதற்குத்தான் அந்த மரங்கள்.

கம்பெனில

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வளைகுடாவில் இருக்கிறவர்களைப் பற்றி எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்பார்கள். எப்போது வருகிறார் என்று கேட்பார்கள். என்ன வேலை என்று மட்டும் கேட்க மாட்டார்கள். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் 'கம்பெனில' என்று ஒரு பதில் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் தோண்டினால் அது மரியாதை இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட 'மாப்புள்ள கம்பெனில இருக்காரு' என்றால் தலையை ஆட்டிவிட்டு பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கும் அதுதான் தெரியும். குவைத்தில், கம்பெனியில், சூப்பர்வைசர். எதை சூப்பர்வைஸ் செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. கட்டடம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்படி நினைத்ததையும் மறந்துபோனேன்.

முதல் தடவை அவர் கிளம்பியபோது, நான் படித்த பள்ளிக்கூடத்து வாசலில் உதிர்ந்து கிடக்கும் மகிழம்பூவைப் பொறுக்கிக் காய வைத்து, சட்டை மடிப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். செண்ட் பாட்டில் வாங்கத் தெரியாத வயசு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டி மணக்கிறது என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வைத்தேன்.

செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் வந்ததும் வெள்ளிக்கிழமைகள் எங்களுடையவை ஆகின. அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் கூப்பிடும்போது இங்கே சாயங்கால அசர் தொழுகை நேரம் நெருங்கிவிடும். ரூமுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வெளியே வந்து உட்கார்ந்து பேசுவார். முதுகுக்குப் பின்னால் ஏதோ பச்சையாகத் தெரியும். காற்றில் லேசாக ஆடும். பரவாயில்லை, பாலைவனத்திலும் கொஞ்சம் பச்சை உண்டு போல என்று நினைத்துக்கொள்வேன். நான் அந்தப் பச்சையைப் பார்க்கவா போனைப் பிடித்தேன்? முகத்தைத்தான் பார்த்தேன். கறுத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா, மீசையில் புதுசாக நரை இருக்கிறதா, அதைத்தான் பார்த்தேன்.

வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, டைல்ஸ் என்ன நிறத்தில் போடலாம், உங்களுக்கு என்ன ஆசை என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் புள்ள. வந்தா உக்கார ஒரு நெழலு இருந்தா போதும்" என்றார்.

நிழல் என்று சொல்லும்போது அவர் கண்ணை மூடித் திறந்தார். அதை நான் பிடித்துக்கொண்டேன். டைல்ஸ் கடைக்காரர் காட்டிய நிறத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு நிழலைத் தேடக் கிளம்பிவிட்டேன்.

குடை மரம்

எங்கள் மனை ஊருக்கு வெளியே, அகரம்சீகூர் போகிற ரோட்டின் மேல் இருக்கிறது. முன்பு பருத்தி போட்ட கரிசல் மண். கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புச் சுக்கான் கல் வெள்ளை வெள்ளையாகக் கையில் வரும். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. மருந்துக்கு ஒரு மரம் கிடையாது.

எந்த மரம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த இடம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய பெரிய கறுப்புக் குடை ஒன்று இருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு மனையில் ஒரு இடத்தில் போய் நிற்பேன். நான்தான் மரம். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பர்வீன் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு, குடை நிழல் விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போடுவாள். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, அசருக்கு ஒன்று. தரையெல்லாம் வட்டம் வட்டமாக, நிலாக்கள் விழுந்து கிடப்பது மாதிரி இருக்கும்.

ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். வெயில் மண்டையைச் சுட்டுவிட்டது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேசட்டும். நான் குடைக்குக் கீழே நின்று கண்ணை மூடினால் இலை சலசலக்கிற சத்தம் கேட்கும். கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருப்பார். மார்பில் பேப்பர் விரிந்து கிடக்கும். பூ ஒன்று வந்து பேப்பரில் விழும். என்ன பூ என்று மட்டும் தெரியாது. அந்த இடத்தில் பர்வீன், அம்மா குடை சாயுது என்று சத்தம் போடுவாள்.

ஒரு விஷயம் அதில் தெளிவாகத் தெரிந்தது. காலை வெயில் சாது. வீட்டைச் சுடுவது சாயங்கால வெயில்தான். அதனால் நிழல் மரம் மேற்கே வேண்டும், இலை கொட்டாத மரமாக வேண்டும். அழகுக்கு வைக்கிற பூமரம் கிழக்கே இருந்துகொள்ளலாம்.

இடம் கிடைத்ததும் மரச் சண்டை ஆரம்பித்தது. மச்சானின் அக்கா, என் பெரிய நாத்தனார், வேம்பைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்கவில்லை. வேம்பு நல்ல மரம்தான், ஆனால் இலை கொட்ட ஆரம்பித்தால் கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடிந்துபோகும். போதாததற்கு இப்போதெல்லாம் எங்கள் பக்கத்து வேம்புகள் கொப்பு கொப்பாகக் கருகி நிற்கின்றன. சரக்கொன்றை பூத்தால் கண்ணெடுக்க முடியாது, ஆனால் நிழல் தேவைப்படுகிற நேரம் பார்த்து இலையை உதிர்த்துவிட்டு நகை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும். மே மாதச் சிவப்புப் பூமரம் காற்றுக்குத் தாங்காது. தூங்குமூஞ்சி மரம் வைத்தால் வீட்டை விற்றுவிட்டு மரத்தடியில்தான் குடியிருக்க வேண்டும், அவ்வளவு இடம் கேட்கும். புங்கை எனக்குப் பிடித்திருந்தது. அதன் நிழலில் தனிக் குளிர்ச்சி உண்டு. கொத்தனார் மட்டும், எந்த மரமாக இருந்தாலும் மதிலை விட்டு ஒரு ஆள் நீளமாவது தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பர்வீன் போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெருவைக் காட்டி, இந்த ரோஸ் கலர் பூமரம்தான் வேண்டும் என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எனக்குள் ஓடியது ஒன்றுதான். இது எதுவும் அவர் வருவதற்குள் வளராது.

சாத்தனூரில் படுத்திருக்கிற மரம்

இந்த இடத்தில் இன்னொரு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கல்யாணமான புதிதில், அவர் முதல் தடவை போவதற்கு முன்னால், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நச்சரித்தேன். ஊட்டி, கொடைக்கானல் என்று மனசில் இருந்தது. மனுஷன் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாற்றி, சாத்தனூரில் கல்மரம் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். புதுப்பெண்ணுக்குக் கல்லைக் காட்டின புருஷன் எங்கள் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான் இருப்பார்.

போய்ப் பார்த்தால் ஒரு பெரிய மரம் கல்லாகி நீட்டிப் படுத்திருந்தது. கோடிக்கணக்கான வருஷமாம். மனுஷனே இல்லாத காலத்து மரமாம். எங்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. காற்று வந்தால் புல் மட்டும் அசைந்தது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, சுடுகிறது என்றார். நானும் வைத்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. என்னவோ ஒரு மிருகத்தைத் தடவிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

இதற்கும் ஒரு காலத்தில் நிழல் இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கும், ஆனால் உட்கார ஆள்தான் இல்லை, சும்மாவே நிழல் கொடுத்திருக்கிறது பாவம் என்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த வேம்புக்குக் கீழே உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆடு கடிக்காது

ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோரத்தில் ஒரு நர்சரி தெரிந்தது. முந்திரிக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. நானும் பர்வீனும் பட்டுச் சேலையோடேயே இறங்கிவிட்டோம்.

நர்சரிக்காரர் வாய் ஓயாதவர். எதைக் கேட்டாலும் இருக்கிறது என்பார். பர்வீன் போனில் காட்டிய ரோஸ் கலர் பூமரம் இருக்கிறதா என்றோம், இருக்கிறது என்று ஒரு அரளிச் செடியை எடுத்து வந்தார். அரளி எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

ஓரமாக ஒரு மகிழங்கன்று இருந்தது. சாணளவு உயரம். குனிந்து அதன் இலையைத் தொட்டேன். பள்ளிக்கூடத்து வாசல், சட்டை மடிப்பு எல்லாம் ஞாபகம் வந்தது. இது எவ்வளவு நாளில் நிழல் கொடுக்கும் என்று கேட்டேன்.

"அத வைங்கக்கா கீழ. அது நம்ம ஆயுசுக்கு இல்ல, பேரப்புள்ளைங்களுக்கு" என்றார்.

கீழே வைத்துவிட்டேன். சீக்கிரம் வளர்கிற மரம் வேண்டும் என்றேன். எப்போது வேண்டும் என்று தையல்காரர் மாதிரி கேட்டார். எங்க வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நோன்புப் பெருநாளில் கேன்சலில் வந்துவிடுவார், அதற்குள் அவர் உட்கார நிழல் வேண்டும் என்றேன். நர்சரிக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடி, நீளமான பச்சை இலை வைத்த கன்று ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். சுக்கான் மண்ணானாலும் வரும், உப்புத் தண்ணீரானாலும் வரும், இலை கொட்டாது, ஆடு கடிக்காது, அடுத்த மழைக்குள் மதிலைத் தாண்டிவிடும் என்று அடுக்கினார். பெயர் கோனோகார்பஸ். எனக்கு அது வாயில் நுழையவில்லை. கோணக்காப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த இலையைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று நடந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. புது இடத்தில் சொந்தக்காரரைப் பார்த்தால் ஒரு நிம்மதி வருமே, அப்படி ஒரு நிம்மதி. இதுதான் நம் மரம் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைக் கேட்டதற்கு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள், எல்லாரும் அப்படித்தான் மரமும் மாப்பிள்ளையும் பார்க்கிறோம். வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. வைத்த கன்றெல்லாம் பிடித்தது. ஒவ்வொரு மழைக்கும் மேலே போனது. ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. மச்சானுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பேசும்போதுகூட போனை மரத்துப் பக்கம் திருப்பாமல் காப்பாற்றினேன். வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

காலி நாற்காலி

வந்து பார்த்தார். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தேன். டீயைக் கொண்டுபோய் அங்கேயே வைத்தேன். டீ ஆறியது. அவர் ஹாலில் உட்கார்ந்து மேற்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்றார். வெளிச்சம் எங்கே வந்தது, அங்கே பச்சை மட்டும்தானே தெரிகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நாற்காலியில் காக்கா உட்கார்ந்து எழுந்து போயிற்று.

அத்தாவுக்கு வீடு பிடிக்கவில்லையா என்று பர்வீன் சமையற்கட்டில் வந்து கேட்டாள். உப்பு போடாமல் ஆணம் வைத்தேன் அன்றைக்கு.

அந்த வாரமே குவைத்திலிருந்து அவர் ரூமில் இருந்தவர் போன் செய்தார். புது விசா இருக்கிறது, வருகிறாயா என்று கேட்பது எனக்கும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தேன். தெருவில் அத்தனை வீட்டிலும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் கேட்கிற வார்த்தை அது. எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. வெயிலில் குடை பிடித்து நின்றது, வண்டி ஏற்றிக் கொண்டு வந்தது, இலை இலையாகக் கழுவியது எல்லாம் சேர்ந்து ஆத்திரமாக வந்தது.

கத்தரிச் சத்தம்

ஒரு நாள் காலை. சுபுஹு தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். சரக், சரக் என்று ஒரு சத்தம் தூக்கத்துக்குள் வந்துகொண்டே இருந்தது. கனவில் யாரோ என் தலைமுடியை வெட்டுகிறார்கள். வெட்ட வெட்ட அது பச்சையாக விழுகிறது. எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன்.

மச்சான் ஏணி போட்டு நின்று மரங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கையில் மரப்பிடி வைத்த நீளமான கத்தரி. நீலக் கயிறு கட்டிய பெட்டியில், டர்க்கி டவலில் சுற்றி இருந்ததை நான் பார்த்ததுதான். எதற்கென்று கேட்கவில்லை, நம் ஊர்ப் பழக்கம். பிடி இரண்டும் தேய்ந்து, கை படுகிற இடத்தில் பள்ளமாக இருந்தது.

வெளியே போய் நின்றேன். அவர் இலையைப் பார்த்து வெட்டவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு வெட்டினார். கை தானாகப் போனது. மேல்பக்கம் நூல் பிடித்த மாதிரி மட்டமாக வந்துகொண்டிருந்தது. காலை வெளிச்சத்தில் துணுக்கு இலைகள் அவர் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன.

"இத எங்க கத்துக்கிட்டீங்க மச்சான்?"

கத்தரி நின்றது. அவர் திரும்பவில்லை.

"கம்பெனில" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் எல்லாம் புரிந்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று நர்சரியில் நினைத்தேனே, அது எங்கே என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும், அவர் முதுகுக்குப் பின்னால், காற்றில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது இந்த மரம்தான். அவரை மட்டும் பார்த்தேன் என்று நினைத்தேன். அதையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

ஏணியிலிருந்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். விட்டுவிட்டுச் சொன்னார். ரோட்டு நடுவிலும் ஓரத்திலும் கண்ணுக்கு எட்டின மட்டும் இதே மரம்தானாம். லாரியில் தண்ணீர் வரும், ஊற்ற வேண்டும். வளரும், வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போய் முடிப்பதற்குள் ஆரம்பித்த பக்கம் வளர்ந்து நிற்கும். கடைசி சில வருஷம் நாலு பேருக்கு அவர்தான் மேஸ்திரி, அதனால் சூப்பர்வைசர் என்றது முழுப் பொய்யில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலையே புள்ள" என்றார்.

வாஸ்தவம்தான். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இரண்டு பேரும் வளர்ந்திருக்கிறோம். நல்ல மரியாதை போங்கள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை காய்ப்பை லீவில் வரும்போதெல்லாம் தொட்டிருக்கிறேன், ஆண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் கத்தரிப் பிடியையும் காய்ப்பையும் சேர்த்துப் பார்த்தேன். அழுதேன்.

அப்படியென்றால் இந்த நிழலில் நீங்கள் உட்காரவே மாட்டீர்களா என்று கேட்டேன்.

"உக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. எனக்கு இது மரம் இல்ல புள்ள. வேல."

இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மொத்தத்தையும் வெட்டிவிடலாம் என்று எழுந்தேன். அவர் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார். வெட்டலாம், நானே வெட்டுகிறேன், வேர் தண்ணீர்த் தொட்டிக்குள் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். சொன்னபடியே ஒவ்வொன்றாக வேரோடு எடுத்தார். இப்போது பேப்பரில்கூட இந்த மரத்தை வைக்காதீர்கள் என்று எழுதுகிறார்கள். அவருக்கு அதைப் படித்துக் காட்டினால், நான் வைக்கவில்லையப்பா என்று என் பக்கம் கையைக் காட்டுகிறார்.

பின்பக்கத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அது ஏன் என்று கேட்டேன்.

"இருக்கட்டும். சோறு போட்டது."

மெதுவாக வளர்கிற மரம்

மேற்குப் பக்கம் மறுபடி வெறும் தரையானது. வேறு மரம் வைப்பதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. விசா பற்றியும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். ஒரு நாள் அவராகவே அந்த நர்சரி எங்கே இருக்கிறது, போவோமா என்றார். பஸ் மாறி மாறிப் போனோம். ஜன்னல் சீட் எனக்குக் கொடுத்தார். முந்திரித் தோப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. கல்மரம் பார்க்கப் போன நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் போனது அன்றுதான்.

நர்சரிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மரம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நன்றாக வந்தது, அதனால்தான் எடுத்துவிட்டோம் என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்து இன்னும் வேகமாக வளர்கிற ஒன்று வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார்.

மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கறதுலயே மெதுவா வளர்ற மரம் எது?"

நர்சரிக்காரர் அப்படி ஒரு கேள்வியை அதுவரை கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. நான் குனிந்து மகிழங்கன்றைத் தேடினேன். முன்பு நான் தொட்ட அதே கன்றாக இருக்காது. ஆனாலும் அதே சாணளவுதான் இருந்தது. மச்சான் அதை வாங்கி, இலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பூ வந்தால்தான் மணக்கும், இலையில் என்ன இருக்கிறது என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மேற்கே, கோலமாவு வட்டங்கள் எப்போதோ அழிந்துபோன இடத்தில், மதிலை விட்டு ஒரு ஆள் நீளம் தள்ளிக் குழி எடுத்தார். சுக்கான் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் செம்மண்ணும் எருவும் போட்டார். வெயில் ஏறிவிட்டது. கன்று துவண்டுவிடுமே என்று நான் அந்தப் பழைய குடையை எடுத்து வந்து அதற்குப் பிடித்தேன். மரத்துக்கே நிழல் கொடுக்கிற அம்மாவைப் பாருங்கள் அத்தா என்று பர்வீன் ஜன்னலிலிருந்து சிரித்தாள்.

அப்போதுதான் அவர் பையில் போன் அடித்தது. கை மண்ணாக இருந்தது. நானே எடுத்து அவர் காதில் வைத்தேன். அதே குவைத் ரூம்காரர்தான். விசா இன்னும் இருக்கிறது, இந்த மாசமே முடிவு சொல்ல வேண்டும் என்றார். எனக்கு எல்லாம் கேட்டது. நான் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லப்பா. இங்க ஒரு மரம் வச்சிருக்கேன்" என்றார் மச்சான். குழியைச் சுற்றி மண்ணை அழுத்திவிட்டுக்கொண்டே பேசினார். "இப்பதான் வச்சேன், ஒரு சாண்தான் இருக்கு. நெழலு வரட்டும். அப்பறம் பாக்கலாம்."

நான் குடையை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன்.